சார்ஜ் ஏறுதா பார்!

உங்கள் வீட்டில் இப்படி ஒரு செல்போன் இருக்கிறதா, சொல்லுங்கள். சார்ஜர் வயரைச் செருகி, இடது பக்கமாக லேசாகச் சாய்த்து, வயரைப் போனுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் பஞ்சாங்கத்தையோ பருப்பு டப்பாவையோ பாரமாக வைத்தால்தான் அந்த மின்னல் சின்னம் வரும். வந்துவிட்டால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். யாராவது அந்தப் பக்கம் போனால், "டேய், மேஜையை இடிச்சிடாதே... இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்கு!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

ரப்பர் பேண்ட் வைத்தியம் இன்னொரு வகை. மடித்த விசிட்டிங் கார்டைச் செருகி முட்டுக் கொடுப்பது மூன்றாவது. கார் ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டினால் மட்டும் சார்ஜ் ஏறும் போன் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த போனின் சொந்தக்காரர் வவ்வால் மாதிரி தலையைச் சாய்த்து மணி பார்ப்பார்.

இந்த நிலைமைக்கு வீட்டில் இரண்டு தீர்ப்புகள் உண்டு. "கேபிள் போச்சு, மாத்து" என்பது அப்பா கட்சி. "போனே போச்சு, மாத்து" என்பது பிள்ளை கட்சி. பாதி நேரம் இரண்டுமே தப்பு. இந்த வாரம் அந்தச் சின்னஞ்சிறு ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

* * *

போனில் கண்ணாடி உடைந்தால் நமக்கு உடனே தெரிகிறது, மனசு வலிக்கிறது. சார்ஜிங் போர்ட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் போனில் நாம் தினமும் பலத்தைக் காட்டுகிற இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தொடுவது, தடவுவது. இங்கே மட்டும் குத்துகிறோம், பிடுங்குகிறோம்.

இப்போது பெரும்பாலான போன்களில் இருப்பது யு.எஸ்.பி. டைப்-சி. 2014 ஆகஸ்டில் அதன் விதிமுறை வெளியானது. வாய் அகலம் எட்டு மில்லிமீட்டரும் சொச்சமும். உயரம் இரண்டரை மில்லி. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு நாக்கு தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்த நாக்கின் மேலே 12, கீழே 12, ஆக 24 தொடுமுனைகள் வைக்க இடம் உண்டு. விலை குறைந்த போன்களில் சிலவற்றை விட்டுவிடுவார்கள். எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்வது இந்த இரட்டை வரிசையால்தான்.

அதற்கு முன்னால் மைக்ரோ யு.எஸ்.பி. காலம். 2007-ல் வந்தது. இருட்டில் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் குத்தி நாம் எல்லோரும் சண்டை போட்ட அதே சாமான்தான். அதையும் திட்டாதீர்கள். அதைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அதற்கு முந்தைய மினி யு.எஸ்.பி.யில் சீக்கிரம் தேய்கிற வில் போன்ற பாகம் கருவிக்குள் இருந்தது. மைக்ரோவில் அதைக் கேபிளின் முனைக்கு மாற்றினார்கள். தேய்ந்து சாவதென்றால் நூறு ரூபாய்க் கேபிள் சாகட்டும், போன் பிழைக்கட்டும் என்கிற தர்மம். டைப்-சி-யிலும் பிடித்துக்கொள்கிற கொக்கிகள் கேபிள் பக்கம்தான் இருக்கின்றன. அதனால்தான், போன் 'லூஸாக' இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது பல சமயம் லூஸாகியிருப்பது கேபிளின் தலை. அப்பா கட்சி ஜெயிக்கிற இடம் இது.

செருகி எடுப்பதற்கு ஓர் ஆயுள் கணக்கும் உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய சதுர யு.எஸ்.பி.க்கு 1,500 தடவை. மினிக்கு 5,000. மைக்ரோவுக்கும் டைப்-சி-க்கும் 10,000. ஒரு நாளைக்கு மூன்று முறை செருகினால்கூட ஒன்பது வருஷம் வர வேண்டும். பின்னே ஏன் இரண்டாவது வருஷமே ரப்பர் பேண்ட் கேட்கிறது?

இது ஒரு மெஷின் நேராகச் செருகி, நேராக எடுக்கிற கணக்கு. நாம் மெஷின் இல்லை. படுத்துக்கொண்டு, வயரை மாட்டியபடியே போனை நெஞ்சில் நிறுத்தி சீரியல் பார்க்கிறோம். போனின் முழு எடையும் அந்த நாக்கின் மேல் உட்காருகிறது. ஃபேனுக்கு எழுந்த வேகத்தில் வயர் கட்டில் காலில் மாட்டி இழுக்கிறது. கிணற்றடியில் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பியவர்களுக்குப் புரியும். நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்தான் கடப்பாரை. உள்ளே நெம்பப்படுவது, தலைமுடி அகலத்தில் பற்றவைத்த ஈயம்.

* * *

என் அக்கா மயிலாப்பூரில் இருக்கிறாள். அவளுடைய போன் சார்ஜ் ஏறவில்லை, ஏறினாலும் பிளக் நிற்காமல் கழன்று விழுகிறது என்று புகார். மருமகன் புது போன் ஆர்டர் போடத் தயாராக இருந்தான். "நாலு வருஷமா நல்லா இருக்கு, எனக்கு இதுலதான் எல்லாம் பழக்கம்" என்று அக்கா மறுத்துவிட்டாள். சரி என்று வாங்கிக்கொண்டு சைதாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கடைக்குப் போனேன்.

கடை என்றால் ஆறடிக்கு எட்டடி. முன்னால் டெம்பர் கிளாஸும் கவரும் தொங்கும். பின்னால் ஒரு மேஜை, அதன் மேல் மைக்ராஸ்கோப். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது நாற்பது வயதுப் பெண்மணி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் ஃபேக்டரியில் ஏழு வருஷம் லைனில் வேலை பார்த்தவர். ஃபேக்டரி மூடிய பிறகு கணவரோடு சேர்ந்து இந்தக் கடை. கணவர் கவுன்ட்டரையும் ரிச்சி ஸ்ட்ரீட் கொள்முதலையும் பார்த்துக்கொள்கிறார். "அப்ப புதுசா போன் செஞ்சேன், இப்ப பழசைப் பிரிக்கிறேன். அவ்வளவுதான் சார் வித்தியாசம்" என்பார்.

அக்காவின் போனை வாங்கினார். தன்னுடைய கேபிளைச் செருகிப் பார்த்தார். "பாருங்க, முழுசா உள்ள போகலை. அரை மில்லி வெளியவே நிக்குது" என்றார். அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தார். ஒரு மரப் பல்குச்சியின் முனையைப் பிளேடால் சீவித் தட்டையாக்கினார். நாக்கைத் தொடாமல், பக்கச் சுவரை ஒட்டிக் குச்சியை விட்டு, மெதுவாக நெம்பினார்.

வெள்ளைப் பேப்பரில் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! அமுக்கி வைத்த மெத்தை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு நூல் கட்டி. கூடவே வெள்ளையாக ஒரு பொடி.

முகர்ந்து பார்த்தார். "விபூதி. கபாலீஸ்வரர் கோயிலா சார்?"

அக்கா கைப்பையில் போனும் கோயில் பொட்டலமும் ஒன்றாகக் குடியிருப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் பஞ்சையும் விபூதியையும் உள்ளே இடித்து இடித்து, உரலில் போட்ட மாதிரி ஆகியிருக்கிறது. பிளக் கடைசிவரை போகாததால் கேபிளின் கொக்கி பிடிக்கவில்லை. பிடிக்காததால் கழன்று விழுந்தது. போர்ட்டில் ஒரு பழுதும் இல்லை. குச்சி வேலை இரண்டு நிமிஷம். இப்போது பிளக் உள்ளே போனபோது 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்டது. "இந்தச் சத்தம் வரணும் சார். வந்தா போர்ட் நல்லா இருக்கு."

நூறு ரூபாய் நீட்டினேன். "பல்குச்சிக்கா?" என்று சிரித்துவிட்டு வாங்க மறுத்தார்.

* * *

நான் கிளம்பியிருப்பேன். அதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. முதுகில் பெரிய சதுரப் பை. சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அக்கா, ஒரு பக்கம் சொருகினாதான் ஏறுது. அதுவும் கையில பிடிச்சிட்டே இருந்தாதான். இப்ப ஒன்பது பர்சென்ட்" என்றான்.

மணி ஆறு. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஏழு மணிக்கு ஆரம்பம். அந்த மூன்று மணி நேரம் லாகினில் இல்லாவிட்டால் இன்சென்டிவ் கிடையாது. அவனுக்கு அந்த போன் பேசுவதற்கு இல்லை. ஆர்டர் வருவது அதில், வழி காட்டுவது அதில், கடைக்காரரிடம் காட்டுகிற நம்பர் அதில், சம்பளம் விழுவதும் அதில்தான். பைக் பஞ்சர் ஆனால் யாரிடமாவது வண்டி கேட்கலாம். போன் செத்தால் அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லாத ஆள். ஹேண்டில்பாரில் ஸ்டாண்ட், பையில் பவர் பேங்க், இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்க ஒரு வயர். நம்முடைய தெருக்களின் ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தப் போர்ட்தான் வாங்கிக்கொள்கிறது.

அந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே குப்பை இல்லை. கேபிளைச் செருகி ஆட்டினார். பிளக்கோடு சேர்ந்து அந்தத் தகர வாயே ஆடியது. "இது குச்சி வேலை இல்ல தம்பி. கால் விட்டுடுச்சு. யாரோ ஏற்கெனவே கை வெச்சிருக்காங்களா?"

"போன மாசம் வேற கடையில நூத்தம்பது ரூபாய்க்குப் போட்டேன்க்கா."

"ம்... ஒட்டிக் குடுத்திருக்காங்க."

இங்கே ஒரு சின்னப் பாடம். நிறைய போன்களில் சார்ஜிங் போர்ட் மெயின் போர்டில் இருக்காது. கீழே தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும். கடைக்காரர்கள் பாஷையில் 'சிசி போர்டு'. ஒரு பட்டை வயர் அதை மெயின் போர்டோடு சேர்க்கும். அந்த மாடலுக்கு சிசி போர்டு கடையில் இருந்தால், பின் கவரைத் திறந்து, திருகு கழற்றி, பழசை எடுத்துப் புதுசை வைத்து மூடலாம். பதினைந்து நிமிஷ வேலை. மெயின் போர்டிலேயே போர்ட் பற்றவைத்திருக்கிற போன் என்றால் கொஞ்சம் பயபக்தியோடு கை வைக்க வேண்டும். பையனின் போனில் சிசி போர்டுதான். ஆனால், ஸ்டாக் இல்லை. நாளை மத்தியானம்தான் வரும்.

"நாளைக்கா?" என்றான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இரு. வெறும் ஜாக்கை மட்டும் மாத்திப் பாக்கறேன். ரெண்டு மணி நேரம் ஆகும்." மேஜை டிராயரைத் திறந்து, மூலையில் கீறல் விழுந்த ஒரு பழைய போனை எடுத்தார். "உன் சிம்மை இதுல போடு. ஓ.டி.பி. வரும். லாகின் பண்ணிக்கோ. பத்து மணிக்குள்ள வா."

அடகும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. அவன் போன் இவரிடம், இவர் போன் அவனிடம். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பைக் கிளம்பிப் போனது.

"திரும்ப வரலைன்னா?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் எல்லாரும் வந்திருக்காங்க சார்" என்றார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வீட்டில் பெரிய வேலை எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். லித்தியம் பேட்டரி பக்கத்தில் இருக்கும்போது சூட்டு வேலை கூடாது. சிசி போர்டைத் தனியே எடுத்து ஒரு கவ்வியில் மாட்டினார். போர்ட்டுக்குப் பக்கத்தில் எள் மாதிரி ஒரு ஓட்டை. "இது மைக். இதுல சூடு பட்டா, சார்ஜ் ஏறும், ஆனா இவன் பேசறது யாருக்கும் கேக்காது" என்று அதன் மேல் மஞ்சள் நிற ஹீட் டேப் ஒட்டினார். ஃபிளக்ஸ் பேஸ்ட் தடவி, பழைய பற்றுகளின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தார்.

ஏற்கெனவே இருப்பதன் மேல் எதற்கு இன்னும் ஈயம்? அது சுவாரஸ்யமான விஷயம். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை வந்ததிலிருந்து உலகம் பூராவும் காரீயம் இல்லாத பற்றுக்கு மாறியது. அது உருக 217 டிகிரி வேண்டும். பழைய காரீயக் கலவைக்கு 183 போதும். இரண்டையும் கலந்தால் உருகும் சூடு குறையும். சூடு குறைந்தால் போர்டும் மைக்கும் பிழைக்கும். ஃபேக்டரியில் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். "அங்க பழசைக் கழட்டற வேலையே கிடையாதே சார். இது கெட்டுப்போன போர்டுங்க சொல்லிக் கொடுத்தது."

ப்ளோயரை 350-ல் வைத்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊதினார். ஒரே இடத்தில் காட்டினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு இளகிவிடும். அரை நிமிஷத்தில் ஈயம் பாதரசம் மாதிரி பளபளத்தது. இடுக்கியால் தொட்டார். தகர வாய் கையோடு வந்துவிட்டது. இழுக்கவே இல்லை. "வரலைன்னா இழுக்கக் கூடாது. இழுத்தா அடியில இருக்கிற தாமிரத்தையும் சேர்த்துப் பிச்சுக்கிட்டு வரும். போன மாசம் அதான் நடந்திருக்கு, பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வரிசையாகத் தாமிரப் பட்டைகள், சோளக்கதிரில் பல் வைத்த மாதிரி. அதில் இரண்டு பல் இல்லை. வெறும் பச்சைப் பலகை.

"ஒண்ணு கிரவுண்டு. அது பக்கத்துல வேற வழியில கிடைக்கும், கவலையில்ல. இன்னொண்ணுதான் சார் விஷயம். எந்தப் பக்கமா சொருகியிருக்குன்னு போனுக்குச் சொல்ற கால். அது இல்லாமத்தான் ஒரு பக்கம் ஏறுது, திருப்பினா ஏறல."

அடுத்த முக்கால் மணி நேரம் நடந்ததை உலகத்தில் எந்தத் தட்டானும் மதிப்பான். பழைய ஈயத்தை செப்புப் பின்னலால் ஒற்றி எடுத்தார். ஸ்பிரிட்டால் துடைத்தார். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்து, அறுந்துபோன பாதையின் மிச்சத்தை முனையில் லேசாகச் சுரண்டி, கம்பியின் ஒரு நுனியை அங்கே பற்றவைத்தார். மறு நுனி காணாமல் போன பல்லின் இடத்துக்கு. அதன் மேல் ஒரு சொட்டுப் பச்சை மை. நீல விளக்கைக் காட்டினால் அது கல்லாகி, கம்பி அசையாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் புது ஜாக். முதலில் அதன் நாலு பெரிய கால்களை போர்டின் ஓட்டைகளில் இறக்கி, ஈயத்தை நிறைத்துப் பற்றவைத்தார். "கரன்ட் போறது சின்னக் கால்ல. ஆனா இழுப்பைத் தாங்கறது இந்த நாலுதான். போன கடையில இதைச் சும்மா தொட்டுட்டு விட்டுட்டாங்க."

அந்த ஜாக்கின் விலை என்ன என்று கேட்டேன். முப்பது ரூபாய். மீதி எல்லாம் கையும் கண்ணும்.

பேட்டரியை மாட்டி, சார்ஜருக்கு நடுவே ஒரு சின்ன மீட்டரைச் செருகினார். 5 வோல்ட், ஒன்றரை ஆம்பியர் என்று காட்டியது. பிளக்கைத் திருப்பிப் போட்டார். அதே ஒன்றரை. ஆட்டிப் பார்த்தார். எண் அசையவில்லை. கடைசியாகத் தன்னுடைய சிம்மை அதில் போட்டு, கணவருக்கு போன் செய்து, "நான் பேசறது கேக்குதா?" என்றார். மைக்கும் பிழைத்துவிட்டது.

* * *

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். செலவில்லாததிலிருந்து வரிசையாக.

முதலில் வேறு கேபிள். அப்புறம் வேறு சார்ஜர். இரண்டிலும் ஏறவில்லை என்றால்தான் போன் மேல் சந்தேகப்படுங்கள். ஸ்விட்ச் ஆஃப் செய்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிளக் முழுசாகப் போகவில்லையென்றால் தொண்ணூறு நாள் பஞ்சு உள்ளே படுத்திருக்கிறது என்று அர்த்தம். மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் பல்குச்சி. ஊக்கு, ஹேர்பின், தையல் ஊசி கூடவே கூடாது. உலோகம் இரண்டு முனைகளைத் தொட்டால் ஷார்ட். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேர்ந்து போகும். ஈரத்தோடு 5 வோல்ட் சேர்ந்தால் தாமிரம் அரித்துப் பச்சை பிடிக்கும்.

மழையில் நனைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். வாயைக் கீழே பார்த்தபடி சாய்த்து, உலரவிடுங்கள். அரிசிப் பானை வைத்தியத்தையும் விட்டுவிடலாம். ஐபோன் செய்கிற ஆப்பிள் கம்பெனியே 2024-ல் அரிசி வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. தவிடும் நொய்யும் உள்ளே போய் உட்காரும்.

செருகும்போது தகர வாயே ஆடினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏறினால், கடைக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடுகிற பல்லை இன்று மாற்றினால் ஜாக்கோடு போகும். ரப்பர் பேண்ட் போட்டு ஆறு மாதம் ஓட்டினால் அடியிலிருக்கிற தாமிரமும் பிய்ந்துகொண்டு வரும். போர்ட் பக்கம் அதிகமாகச் சுட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ, பின் கவர் உப்பியிருந்தாலோ சார்ஜ் போடுவதையே நிறுத்துங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்னால், இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும்போதே போட்டோக்களையும் நம்பர்களையும் வேறு இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். முழுக்க அணைந்த பிறகு பேத்தியின் காதுகுத்துப் படத்துக்காக அழுதவர்களை அந்த அம்மா நிறையப் பார்த்திருக்கிறார். சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். போர்ட் மாற்ற பாஸ்வேர்டு தேவையில்லை, கேட்டாலும் பக்கத்தில் இருந்து நீங்களே போட்டுக் காட்டுங்கள். "சிசி போர்டா, மெயின் போர்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் என்று நினைத்து விலை கொஞ்சம் இறங்கும்.

நெதர்லாந்தில் ஃபேர்போன் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் போனில் சார்ஜிங் போர்ட் போனால், புதுப் பாகத்தை வாங்கி, வீட்டு ஸ்குரு டிரைவரால் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கிற போன்களுக்கெல்லாம் ஒரே மாதிரி டைப்-சி வாய் வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. செய்ய முடியாத காரியம் இல்லை. இந்த முப்பது ரூபாய்ச் சாமானைச் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி எல்லோரும் செய்தால் எத்தனை போன் குப்பைக்குப் போகாமல் இருக்கும்!

* * *

ஒன்பதே முக்காலுக்குப் பையன் வந்தான். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றினான். இரவல் போனை மேஜை மேல் வைத்தான். "பதினோரு ஆர்டர்க்கா!"

நானூறு ரூபாய் பில். முந்நூறு கொடுத்தான், மீதி சனிக்கிழமை என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து அவனுடைய பைக்கைப் பார்த்தார். பவர் பேங்க் வயரை எடுத்து, போன் ஸ்டாண்டின் அடியில் ஒரு சின்ன வளையம் விட்டு, பிளாஸ்டிக் டேகால் இறுக்கிக் கட்டினார்.

"இனிமே வயரை எது இழுத்தாலும் ஹேண்டில்பார் வாங்கிக்கட்டும். ஜாக் வாங்கக் கூடாது. புரியுதா?"

அவன் செருகினான். 'டக்.' இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, காசு வாங்காத பெண்மணிக்குக் கொடுக்கச் சொல்லி அக்கா கோயில் பிரசாதம் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்தியோடு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியை மடித்து என்னிடமே நீட்டினார்.

"தயவுசெஞ்சு இதை போன் வெச்சிருக்கிற பாக்கெட்ல மட்டும் போட்டுக்காதீங்க சார்!"